இடுப்பு ஒடுங்கிய அலமாரி

மார்ச் 4

அன்புள்ள ஆப்புவுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகம் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். ஊருக்கு நீ மேசை நாற்காலி செய்கிற முதலாளியாக இருக்கலாம். ஆடுகிற மேசை எங்கே இருந்தாலும் காகிதத்தை மடித்து அடியில் சொருகிக்கொண்டு திரிந்த பயல், எனக்கு என்றைக்கும் ஆப்புதான்.

போன வாரம் போனில் நாம் பேசியதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. நான் கத்த, நீ "என்ன? என்ன?" என்று கத்த, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி "ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அறுவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இத்தனை காலம் நின்றால் காது என்னத்துக்கு ஆகும்? இனிமேல் கடிதம்தான். செல்போனில் தட்டி அனுப்பச் சொல்லாதே. பகலெல்லாம் திரையைப் பார்த்த கண்ணுக்கு அதற்கு மேல் தெம்பு கிடையாது.

இன்று கையால் நோட்டுப் புத்தகம் தைக்கிற ஒரு பெண்ணின் கடையைப் படம் எடுத்தேன். வயர், தண்ணீர் பாட்டில், செருப்பு, குப்பைக்கூடை, சுவரில் ஒட்டிய சீட்டு எல்லாவற்றையும் நானே தூக்கிப் பின்கட்டில் போட்டேன். அந்தப் பெண் கேமராத் திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது என் கடைதானா? யாரோ நல்லா வாழ்றவங்க கடை மாதிரி இருக்கே" என்றாள். அதுதானே என் பிழைப்பு. மனிதர்கள் புழங்குகிற இடத்தை, யாருமே தொடாத இடம் மாதிரி காட்டுவது. படத்தில் ஒரு நூல் பிசிறு இருந்தால்கூட எனக்கு மனசு ஆறாது, உனக்குத் தெரியும்.

முதுகு வலிக்கிறது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற வயதா இது? போதாததற்கு லென்ஸ் வேறு பழுதாகிவிட்டது. நேரான கதவு நிலையெல்லாம் நடுவில் வயிறு தள்ளித் தெரிகிறது. பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன். சின்னச் சின்னக் கைத்தொழில் கூடங்களைப் பற்றி ஒரு பதிப்பகம் பெரிய படப் புத்தகம் போடுகிறது, படங்கள் எல்லாம் என்னுடையவை. இந்த வருஷம் எனக்குச் சோறு போடுவது அதுதான். அது கைவிட்டுப் போனால், இந்த வயதில் எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

உன் கண்காட்சிக்கு வைக்கப்போகும் அலமாரியை லாரியில் போடு. இங்கேயே படம் எடுத்துத் தருகிறேன். கூடப்பிறந்தவளை விட்டுவிட்டு வெளி ஆளைத் தேடினால் காலை ஒடிப்பேன்.

உன் அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முதுகு எப்படி இருக்கிறது? கண்ணைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தாய். கொஞ்சம் ஓய்வு கொடேன்.

அலமாரி நேற்றுக் கிளம்பிவிட்டது. மூன்று கம்பளி சுற்றி, அதற்கு மேல் அட்டை சுற்றி, லாரிக்காரரிடம் "இது என் பொண்ணு மாதிரி, பாத்துக் கொண்டுபோங்க" என்றேன். அவர், "பொண்ணையெல்லாம் இப்படி கட்டித் தூக்கிப் போடுவீங்களா?" என்று கேட்டார். ஆணி கிடையாது, திருகு கிடையாது. பலகையைப் பலகை கவ்விக்கொண்டு நிற்கிறது. பக்கப் பலகைகளை இழைத்து முடித்ததும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து நுனி வரை பார்த்தேன் அக்கா. அப்படி ஒரு நேர். நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

கண்காட்சிக்கு வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்த்துத்தான் யாரிடம் நிற்பது என்று முடிவு செய்கிறார்கள். அதனால் இந்த ஒரு படம் எனக்கு முக்கியம். நீ எடுக்கிறாய் என்றால் எனக்குக் கவலை இல்லை.

காதைப் பற்றிக் கேட்காதே. வேண்டாதது எதுவும் விழுவதில்லை, நிம்மதியாக இருக்கிறது.

உன் தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய். எனக்கு வழக்கமான அலுப்புதான்.

லென்ஸ் திரும்பி வந்துவிட்டது. பழுது பார்க்கிறவன் "ஒண்ணும் இல்லைங்க, புதுசு மாதிரி இருக்கு" என்று சிரிக்கிறான். பார்க்கத் தெரியாதவனிடம் என்ன பேசுவது? வளைவுகளை நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளி நேராக்குகிறேன். ஓரிடத்தில் சரி செய்தால் வளைவு இன்னோர் இடத்துக்கு ஓடுகிறது, எலி மாதிரி. முன்பெல்லாம் ஒரு படத்துக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். இப்போது ஒரு பகல் போய்விடுகிறது.

இதில் விளக்குக் கூடு செய்கிற ஒருவர் வந்து சண்டை பிடித்தார். "மேடம், என் கடைக் கதவு ஏன் இடுப்பு ஒடுங்கி நிக்குது? நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். "உங்க கதவு வயிறு தள்ளி இருந்துச்சு, நான்தான் உள்ள தள்ளிச் சரி பண்ணினேன்" என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். படங்களை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார்.

இனி மனசைத் திடப்படுத்திக்கொள். உன் அலமாரி வந்துவிட்டது. கூடத்தில் நிறுத்தி, வழக்கம்போல் இடக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். வலப்பக்கப் பலகை நடுவில் வளைந்திருக்கிறது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? மரம் காயாமல் இழைத்துவிட்டாயா? அவசரப்பட்டாயா? நீ அப்படிச் செய்கிறவன் இல்லையே.

வருத்தப்படாதே. படத்தில் நான் சரி செய்துவிடுவேன்.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன்.

மரம் ஏழு வருஷம் காய்ந்த மரம். அவசரம் என்ற சொல்லை என்னைப் பார்த்து இதுவரை யாரும் சொன்னதில்லை. தாமதம் என்றுதான் திட்டியிருக்கிறார்கள்.

வழியில் மழை பட்டிருக்கலாம். ஒரு வேலை செய். கனமான சாவிக்கொத்து ஏதாவது ஒன்றை நூலில் கட்டி, அலமாரியின் மேல் முனையிலிருந்து பலகையை ஒட்டித் தொங்கவிடு. ஆட்டம் நின்றதும் நூலையும் பலகையையும் சேர்த்துப் பார். எங்கே எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுது. வளைந்திருந்தால் நானே வந்து எடுத்துப்போய் உடைத்து அடுப்பில் போடுகிறேன்.

தம்பி


ஜூன் 2

அன்புள்ள ஆப்பு,

கோபமா? இரண்டே வரியில் நலம் விசாரித்துவிட்டு ஒரு பக்கம் முறைத்திருக்கிறாய். முறைத்துக்கொள். ரோஷம் இல்லாதவன் பலகையைத் தொடக்கூடாது.

இங்கே வெயில் தாங்கவில்லை. இரண்டு வீடுகள் எடுத்தேன். ஒன்றில் வீட்டுக்காரம்மா தலையணை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து "இது வேணாமா? இதாவது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரையே ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நாற்காலியோடு வெளியே தள்ளிவிடலாமா என்று தோன்றியது. படிக்கட்டில் இறங்கும்போது ஒரு படி தப்பிவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை, முழங்கால் சிராய்ப்பு.

நீ சொன்னபடி நூல் கட்டிப் பார்த்தேன். நூலும் பலகையோடு சேர்ந்து வளைந்துதான் தெரிந்தது. காற்று என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். அப்போதும் அப்படித்தான். சரி, நூல் பழசு போலிருக்கிறது.

படங்களை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். வளைந்த இடத்தை உள்ளே தள்ளி, நான் ரொம்பப் பாடுபட்டு நேராக்கியவை. பார்த்துவிட்டு உடனே எழுது. உன் வீட்டுக்காரியிடம் காட்டு, அவளுக்காவது ரசனை உண்டு.

அக்கா


ஜூலை 6

டேய்,

படம் வந்ததா, வரவில்லையா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். வாயில் என்ன கொழுக்கட்டையா?

நலமாக இருக்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பதிப்பகத்துக்காரர்கள் நான் கொடுத்த படங்களில் பாதியைத் திருப்பிவிட்டார்கள். "அறையெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு" என்கிறார்கள். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்தத் தொகுப்பாளரின் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் சொன்னாள், அதுதான் இன்னும் வலித்தது. மீதியை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கிறார்களாம். நான் தொழிலுக்கு வந்தபோது இந்தப் பெண் பிறந்தே இருக்க மாட்டாள்.

எனக்கு அலுத்துவிட்டது தம்பி. காலையில் கேமராப் பையைப் பார்த்தாலே உட்கார்ந்துவிடுகிறேன். யாராவது ஒருத்தர் "நீ செய்தது சரிதான்" என்று சொன்னால் போதும் போலிருக்கிறது. நீயாவது சொல்லேன்.

அக்கா


ஜூலை 21

மரியாதைக்குரிய அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதுகிறேன், காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

படங்கள் வந்துவிட்டன அண்ணி. வந்த அன்றைக்கு அவர் மேசை மேல் பரப்பிவைத்து, இரும்பு ஸ்கேலைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். அலமாரி நடுவில் இடுப்பு ஒடுங்கின மாதிரி இருந்தது. நான்கூட "அய்யோ, நம்ம அலமாரியா இது?" என்றேன். அவர் உங்கள் கடிதத்தை எடுத்து, நூலைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு பட்டறைக்குப் போய் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு சும்மா நின்றார். அறுக்கப் பலகையே இல்லை.

தினமும் உங்களுக்கு எழுத உட்காருகிறார், கிழிக்கிறார். கேட்டால் "உனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்கிறார். பின்னால் வண்டி வந்து ஒலி எழுப்பினாலும் திரும்பாத மனிதர், தபால்காரர் சைக்கிள் வந்தால் மட்டும் எப்படியோ எட்டிப் பார்த்துவிடுகிறார்.

அவர் கவலை அலமாரியைப் பற்றி இல்லை, அண்ணி. இதற்கு மேல் நான் எழுதினால் முந்திரிக்கொட்டை என்று திட்டுவார்.

படி இறங்கும்போது பார்த்து இறங்குங்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி என்று வழக்கமாகக் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவேன். இந்தத் தடவை அதைத்தான் கேட்கிறேன், பொறுமையாகப் படி.

படத்தில் அலமாரி உள்ளே ஒடுங்கியிருக்கிறது. நீ உள்ளே தள்ளியிருக்கிறாய் என்றால், உனக்கு அது வெளியே தள்ளித் தெரிந்திருக்கிறது. விளக்குக்காரர் கதவும் அப்படித்தான். லென்ஸில் பழுதில்லை என்று அந்தப் பையன் சொன்னது சரிதான். என் மரத்திலும் பழுதில்லை. கனம் கட்டித் தொங்கவிட்ட நூல் வளையாது அக்கா, எவ்வளவு பழைய நூலாக இருந்தாலும்.

நேர் பார்க்க நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி இடக் கண்ணைத்தான் மூடுவோம். நீ கேமராவில், நான் பலகையில். அதனால்தான் உனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிருக்கிறது. நீ எதைப் பார்த்தாலும் வலக் கண்ணைத்தான் நம்பிப் பார்த்திருக்கிறாய்.

இப்போது எழுந்து போ. அலமாரிக்கு எதிரில் நில். இந்தத் தடவை வலக் கண்ணை மூடிக்கொண்டு பார்.

பார்த்துவிட்டு எனக்குப் பதில் எழுதாதே. முதலில் கண் டாக்டரிடம் போ.

உன் தம்பி


ஆகஸ்ட் 8

தம்பி,

பார்த்தேன்.

நேராக இருக்கிறது. நூலும், உன் அலமாரியும், எதிரில் இருக்கிற கதவும், எல்லாமே.

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்.

டாக்டர் கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டி "எப்படித் தெரியுது?" என்றார். வலக் கண்ணில் நடுக் கட்டங்கள் வயிறு தள்ளி நெளிந்து கிடந்தன, துவைத்துப் பிழிந்து உதறாமல் போட்ட துணி மாதிரி. விழித்திரையின் நடுவில் கசிவாம். கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். வலியைவிட, ஊசி வருவதைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டியிருக்கிறது பார், அதுதான் கொடுமை. இரண்டு தடவை ஆகிவிட்டது, இன்னும் இருக்கிறது.

இதற்கு மேல் மோசமாகாமல் பிடித்து நிறுத்தலாமாம். போனது முழுசாகத் திரும்பாதாம். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்றார். நான் என்ன சொல்வேன்? உலகத்தில் இருக்கிற கதவெல்லாம் கோணல், நான் ஒருத்திதான் நேர் என்று திரிந்தேன் என்றா?

பயமாக இருக்கிறது. மறைக்க விருப்பமில்லை. பதிப்பகம் மீதி வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. திருப்பிய படங்களை எடுத்துப் பார்த்தேன், இடக் கண்ணால். அவர்கள் சொன்னது உண்மை. புத்தகம் தைக்கிற பெண்ணின் கடை தண்ணீருக்குள் கிடந்தது. பாவம், அவள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாளாம். நான் கெஞ்சியும் திருப்பித் தர மாட்டேன் என்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். நூல் வளைந்தது என்று நான் ஜூனில் எழுதினேன். நீ ஆகஸ்டில்தான் சொன்னாய். அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிட்டதா?

அக்கா


நவம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

ஊசி எல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாயா? துணைக்கு யாராவது வருகிறார்களா? இவள் வந்து உன்னோடு இருக்கட்டும், பெட்டி கட்டிவிட்டாள்.

ஆமாம், அன்றைக்கே தெரிந்துவிட்டது.

பென்சில் எடுத்தால் கை ஓடவில்லை. உனக்குக் கண் சரியில்லை என்று எழுதினால், இனி உனக்கு வேலை இல்லை என்று எழுதுகிற மாதிரி இருந்தது. நாளைக்கு எழுதலாம், நல்ல வார்த்தை கிடைக்கட்டும் என்று தள்ளிப் போட்டேன். நல்ல வார்த்தை கிடைக்கவே இல்லை. அந்த நாட்களில் உன் பார்வை எவ்வளவு போனதோ தெரியவில்லை. நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். திட்டாவிட்டாலும் எனக்கு உறைத்துவிட்டது.

கண்காட்சியை ஜனவரிக்குத் தள்ளிவிட்டார்கள். அலமாரிக்கு இன்னும் படம் இல்லை. இங்கே ஒருவன் எடுத்துத் தருகிறேன் என்று வந்தான், அலமாரி என் அக்கா வீட்டில் இருக்கிறது என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நீதான் எடுக்க வேண்டும். ரசமட்டம் ஒன்றை இவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். கேமராவின் தலையில் வை. குமிழி நடுவில் நின்றால் அது நேர். அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் எதையும் தள்ளாதே. உனக்கு எப்படித் தெரிந்தாலும் தள்ளாதே.

உன் தம்பி


டிசம்பர் 10

அன்புள்ள ஆப்புவுக்கு,

உன் வீட்டுக்காரி என்னைத் தினமும் வேளைக்குச் சாப்பிட வைத்துத் தொந்தரவு செய்கிறாள். சுகமாகத்தான் இருக்கிறோம்.

கேட்டதற்கு உண்மையைச் சொன்னாய். இரண்டு நாள் உன்மேல் ஆத்திரமாக வந்தது, பாத்திரத்தையெல்லாம் சத்தம் வரக் கழுவினேன். அப்புறம், நானும்தானே லென்ஸைத் திட்டினேன், உன் மரத்தைத் திட்டினேன் என்று அடங்கிவிட்டேன்.

படம் எடுத்துவிட்டேன். இத்தனை வருஷப் பழக்கம் போகுமா? கேமராவுக்கு வலக் கண்ணைத்தான் கொண்டுபோகிறேன். இடக் கண்ணை வைத்தால் மூக்கு நசுங்குகிறது. உன் வீட்டுக்காரி பின்னால் நின்று "அண்ணி, அந்தக் கண்ணு இல்ல, இந்தக் கண்ணு" என்று பாடம் எடுக்கிறாள். குமிழி நடுவில் நின்றது. எடுத்ததை எடுத்தபடி அனுப்பியிருக்கிறேன். ஓரிடம்கூடத் தள்ளவில்லை. வலக் கண்ணுக்கு இப்போதும் அது வயிறு தள்ளித்தான் நிற்கிறது, உள்ளே தள்ளிவிடக் கை துடிக்கிறது. உன் பேச்சையும் குமிழியையும் நம்பி உறையை ஒட்டிவிட்டேன்.

அலமாரியின் வலப்பக்கம் ஒரு நூல் தொங்குவதைப் பார்ப்பாய், நுனியில் என் பழைய சாவிக்கொத்தோடு. எடுப்பதற்கு முன்னால் கழற்றப் போனேன், பிறகு விட்டுவிட்டேன். என் படத்தில் நான் துடைத்துப் போடாமல் விட்ட முதல் பொருள் அதுதான். கண்காட்சியில் யாராவது கேட்டால், எடுத்தவள் மறந்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்.

புத்தகம் தைக்கிற பெண் வந்திருந்தாள். கடையைத் திரும்ப எடுக்க வேண்டுமாம், இந்தத் தடவை செருப்பு, குப்பைக்கூடை எல்லாம் இருக்கட்டும் என்கிறாள். மெதுவாக எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று நீ போன் செய்தபோது முதலில் இவள் பேசினாள். அப்புறம் நான் பேசினேன். நீ என்னையும் இவள் என்று நினைத்தே கடைசி வரை பேசினாய், அக்காவை நன்றாகப் பார்த்துக்கொள் என்று என்னிடமே சொன்னாய். இவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் குரலே உனக்குத் தெரியவில்லை தம்பி. இதை எழுத நல்ல வார்த்தை வரட்டும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை.

இதைப் படித்துவிட்டு எனக்குப் பதில் எழுதாதே. முதலில் காது டாக்டரிடம் போ.

உன் அக்கா